தோல் இல்லை, ஓடு

நடந்தவை, வரிசையாக:

1. போன வருஷம் சித்திரை வெயிலில், அக்காவின் தையல் கூடத்தில் இரண்டு பெண்கள் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார்கள்.

2. மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் குறைந்தார்கள்.

3. வேலை கொடுக்கும் ஷூ கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அடுத்த கோடையிலும் இதே கதை என்றால் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

4. கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை.

5. சென்னையிலிருந்து ஆட்டுத் தோல் ஏற்றிவரும் லாரியில் இறால் கழிவு மூட்டைகள் ஆம்பூர் வந்து சேர்ந்தன.

6. அதில் பலகை செய்து தகரத்துக்கு அடியில் கட்டினோம். கூடம் குளிர்ந்தது.

7. ஐப்பசியில் மழை பிடித்தது. தகரம் ஒழுகவில்லை. ஆனால் பலகைகள் வியர்த்துச் சொட்டின. சொட்டிய இடத்திலெல்லாம் கறுப்புத் தோலில் வெள்ளைக் கறை.

எட்டாவதாக என்ன எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இப்படி எண் போட்டு யோசிப்பது என் வழக்கம். "இவ கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் ஒண்ணு மாப்பிள்ள, ரெண்டு பொண்ணுன்னுதான் அடிப்பா" என்பாள் அக்கா. வேலூரில் பாலிமர் படித்துவிட்டு, இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் இருக்கிறேன். ஷூவை ஆயிரக்கணக்கான தடவை மடக்கிப் பார்ப்பது, சாயம் துணியில் ஒட்டுகிறதா என்று தேய்ப்பது, தையலைப் பிரியும்வரை இழுப்பது எல்லாம் என் வேலை. எதை முதலில் செய்தோம், எதை அடுத்துச் செய்தோம் என்பது மறந்தால் அந்த அறையில் வேலை பார்க்க முடியாது.

அக்காவின் கூடம் வேறு. கம்பெனி வெட்டி அனுப்பும் தோல் துண்டுகளை அங்கே அப்பராகத் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அப்பர் என்றால் ஷூவில் பாதத்தை மூடுகிற மேல்பகுதி. அடிப்பாகத்தைக் கம்பெனியே ஒட்டிக்கொள்ளும். அக்கா பல வருஷம் பெரிய தொழிற்சாலையில் தைத்துவிட்டு, சொந்தமாக மெஷின்கள் போட்டு ஆரம்பித்தது இது. அவளிடம் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் நடந்து வருகிற தூரத்தில் இருப்பவர்கள். வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் மாமியாரோ இருப்பவர்கள். நெடுஞ்சாலைத் தொழிற்சாலையின் பஸ் அதிகாலையில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். இவர்களால் அதில் போக முடியாது. கம்பெனி வேலையை எடுத்துவிட்டால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் இவர்களுக்கும் வேலை இல்லை, அக்காவுக்கும் இல்லை.

கூடம் இருப்பது முதல் மாடியில். கீழே பாயின் தோல் கிடங்கு. பாய் என்று நான் சொல்வது கட்டடத்தின் சொந்தக்காரரை. ஆட்டுத் தோல் வியாபாரம். மாடிக்கு மேலே வெறும் தகரம். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் அந்தத் தகரத்தின் கீழே மின்விசிறியைப் போட்டால், சூடு எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரும். அதற்கு மேல் மின்விசிறியால் ஒன்றும் ஆகாது.

கூடத்தில் எல்லாருக்கும் மூத்த தையல்காரி ஒருவர் உண்டு. வயது வித்தியாசம் பார்க்காமல் அனைவரும் ஆபா என்றே கூப்பிடுவோம்; உருதில் அக்கா. அந்தச் சித்திரையில் ஒரு நாள் அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"பிரியாணி மாதிரி தம் போட்டுட்டாங்கடி நம்மள. மூடி மேல நெருப்பு, கீழ மெஷின் சூடு. இன்னும் ஒரு மணி நேரம் விட்டா பரிமாறிடலாம்."

"யாருக்கு ஆபா?"

"கம்பெனிக்குத்தான். லெக் பீஸ் உங்கக்கா."

சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று மதியம்தான் முதல் பெண் சாய்ந்தாள்.

கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதைக் கம்பெனியே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. கூடத்தில் தோலை ஒட்டும் பசை எந்நேரமும் திறந்திருக்கும். அதன் ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும். தெர்மாகோல் உருகி, எரியும் சொட்டாகத் தலையில் விழும். கண்ணாடிப் பஞ்சு கட்டலாம் என்றார் ஒருவர். அதன் தூசி அப்பரில் விழுந்தால் மாட்டிய காலில் அரிக்கும். தென்னங்கீற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கைட்டோசான். இறாலின் ஓட்டிலிருந்து எடுப்பது. வினிகர் கலந்த தண்ணீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி ஆகும். காய்ந்தால் எதையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். தீயில் காட்டினால் கருகும், உருகாது. இது நினைவுக்கு வந்தபோது இன்னொன்றும் தோன்றியது. கொஞ்சம் ஓட்டைப் பசையாக்கி, மீதி ஓட்டை உடைத்து, நெல் உமியோடு சேர்த்து அந்தப் பசையிலேயே பிடித்துவைத்தால் என்ன? உடைந்த ஓடும் உமியும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. இடையில் காற்று மாட்டிக்கொள்ளும். சூட்டைத் தடுப்பது அந்தக் காற்றுதான்.

என்னுடன் படித்தவளின் மாமா பழவேற்காட்டுப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் செய்து, எறா தோல் சில மூட்டை கிடைக்குமா என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போம்மா, புண்ணியமாப் போவும்" என்றார். "அதப் பொதைக்கறதுக்கே தெனம் ஒரு ஆளக் கூப்பிட வேண்டியிருக்குது."

சென்னையிலிருந்து பாயின் லாரி வாராவாரம் ஆட்டுத் தோல் ஏற்றி வரும். அதில் இடம் கேட்கக் கிடங்குக்குப் போனேன்.

"எறா தோலா?" பாய் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு நான் பேட்டி; உருதில் மகள். "எங்க ஊட்ல எறா வாசப்படி ஏறாதே பேட்டி. மீனுன்னு சொல்றவங்க இருக்காங்க, பூச்சின்னு சொல்றவங்க இருக்காங்க. தின்னலாமா கூடாதாங்கற பஞ்சாயத்தே இன்னும் முடியல."

"சாப்பிடறதுக்கு இல்ல பாய். கூரைல கட்டறதுக்கு."

"கூரைல கட்றதா? இன்னா புள்ளைங்களோ." கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "சரி, கூரை இன்னா சாப்பிடவா போவுது? வரச் சொல்லு."

என் எதிரிலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார். கிடங்கில் சரக்கு இறக்குவது, பிரிப்பது, அடுக்குவது எல்லாம் மேஸ்திரியின் பொறுப்பு. "நாளன்னிக்கு லாரில எறா தோல் வருது. எறக்கிப் பத்திரமா வெச்சிடு. நம்ம பொண்ணோட சரக்கு." அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். ஆட்டுத் தோல் அடுக்குக்குப் பக்கத்தில், அதே ஒழுங்கில், என் மூட்டைகளும் இருந்தன. ஓடுகள் ஈரமாக, ரோஸ் நிறத்தில் பளபளவென்றிருந்தன. நான் பயந்த அளவுக்கு நாற்றம் இல்லை. நிறைய ஐஸ் போட்டு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் அந்த மாமாவுக்கு நன்றியும் சொன்னேன்.

மற்ற வேலைகளுக்கு இந்த ஊரில் எதையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டில் ஒட்டியிருக்கும் சதையை எடுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர். ஆட்டுத் தோலிலிருந்து மயிரை எடுப்பதும் அதே தண்ணீர்தான். கிடங்குக்குப் பின்னால் பாய் உபயோகிக்காத ஒரு தொட்டி இருந்தது. ஓட்டை உடைக்க, முன்பு தோல் பதனிடக் கடுக்காய் உடைத்த மெஷின். பலகையைக் காயவைக்க, ஈரத் தோலை இழுத்து மாட்டும் கம்பிவலைச் சட்டங்கள். பசை காய்ச்சும் வேலையை மட்டும் கையுறையும் கண்ணாடியும் போட்டு நானே செய்தேன். அமிலமும் காரமும் புழங்குகிற இடம் என்பதால் அக்காவைப் பக்கத்தில் விடவில்லை. பசைக்கான பங்கைப் பலமுறை அலசினேன். மீதி ஓட்டை ஒரே ஒரு தடவைதான் அலசினோம். சுண்ணாம்புத் தண்ணீரையும் கொட்டாமல், ஒவ்வொரு மூட்டைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். இங்கே ஒரு குடம் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்காமல் அதைக் கீழே ஊற்ற முடியாது. பாலாற்றைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் பலகை காய்ந்ததும் கூடத்துக்கு எடுத்துப் போனேன். ஆபா தட்டிப் பார்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

"பொரி உருண்டை மேல லாரி ஏத்தின மாதிரி இருக்குது."

"கொளுத்திப் பாக்கலாம் ஆபா."

கூடத்துக்கு ஏறும் படிக்கட்டில் வைத்துக் கொளுத்தினோம். வெண்காரம் சேர்த்திருந்தேன், அது தீயை அடக்கும். சுடரைப் பிடித்த இடம் கறுத்தது, புகைந்தது, சுடரை எடுத்ததும் அணைந்தது. பக்கத்தில் வைத்திருந்த தெர்மாகோல் துண்டு உருகிப் படியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அக்கா கருகிய மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கட்டு" என்றாள்.

ஆவணியில் கூடம் முழுவதும் கட்டி முடித்தோம். அந்த மாதத்து வெயில் சித்திரை வெயில் இல்லைதான். ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் முகம் கழுவ எழுந்து போகவில்லை. ஆபா சால்வை கேட்டார். "ஊட்டி ரேட்டு போடப் போறா உங்கக்கா, பாத்துக்கோ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒரு எண்ணும் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பிறகு ஐப்பசி.

இரண்டு நாள் மழை விடாமல் பெய்த பிறகு காலையில் அக்கா போன் செய்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள். போனேன். பலகைகளின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக ஈரம். கீழே, முதல் நாள் தைத்து அடுக்கியிருந்த கறுப்பு அப்பர்களின்மேல் சொட்டியிருந்தது. ஈரம் காய்ந்த இடங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பெண்கள் மெஷினை மூடிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கு மூன்று சந்தேகங்கள். ஒன்று, தகரத்தில் ஓட்டை: மேலே ஏறி வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன், இல்லை. இரண்டு, கூடத்தின் நீராவி தகரத்தில் பட்டுத் தண்ணீராவது: அப்படியென்றால் முதலில் தகரத்தின் அடிப்பக்கம் ஈரமாக இருக்க வேண்டும், அது காய்ந்துதான் இருந்தது. மூன்று, என் பசை. கைட்டோசான் ஈரத்தை இழுக்கும். படித்தபோதே தெரிந்த விஷயம். மூன்றாவதுதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. செய்ததெல்லாம் அடித்தளத்திலேயே தப்பு என்று அர்த்தம். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒரு அப்பரை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வெள்ளைப் பூச்சை விரலால் எடுத்து, என்ன ஏது என்று நான் சொல்வதற்குள் நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

"கெமிக்கல்க்கா, துப்பு!"

"உப்புதான்டி. எனக்குத் தெரியாதா?"

தோல் ஊரில் உப்புப் பூத்த தோலைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆளாளுக்கு ஒரு அப்பரை எடுத்துப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். ஆபா மட்டும் பலகையிலேயே விரலைத் தடவி ருசி பார்த்தார்.

"ஜாஸ்தி" என்றார். "கைக்கணக்கு தெரியாதவ யாரோ போட்டிருக்கா."

உப்பு ஈரத்தை இழுக்கும். மழைக் காற்றிலிருந்து இழுத்து, நிறைந்ததும் சொட்டும். எல்லாம் பொருந்தியது. ஆனால் உப்பு எங்கிருந்து வந்தது? கடலில் வாழ்வது, அதனால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பழவேற்காட்டுக்குப் போன் செய்தேன்.

"உப்பா? நாங்க எதுக்கும்மா உப்பு போடறோம்?" என்றார் அந்த மாமா. "நல்ல தண்ணில கழுவித்தான் உரிக்கறோம். ஐஸ்தான் போடுவோம். நாக்குல வெச்சா கரிக்காது."

போனை வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். அக்காவும் பின்னாலேயே வந்தாள். கிடங்கு வாசலில் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, நம்ம எறா மூட்டை வந்தப்போ ஏதாவது போட்டீங்களா?"

"இன்னா போட்டேன்?"

"உப்பு கிப்பு."

"ஆமா." டீயை இன்னொரு வாய் குடித்தார். "பின்ன?"

"யாரு போடச் சொன்னது?"

"இது இன்னா கேள்வி பாப்பா? யாரு சொல்லணும்? எறா தோல் வருதுன்னாரு பாய். தோல் வந்தா உப்பு போடாம இன்னா பவுடரா போடுவாங்க?" எங்கள் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார். "சின்னச் சின்னதா இருந்துச்சு, விரிச்சுப் போட முடியல. அதான் ரெண்டு கை ஜாஸ்தியாவே போட்டுப் பெரட்டி வெச்சேன். ஒவ்வொரு லோடுக்கும் நானே நின்னு போட்டேன். ஒரு துண்டு கெட்டுச்சா? நாத்தம் வந்துச்சா? சொல்லு."

கெடவில்லை. நாற்றமும் வரவில்லை. அதைத்தான் நான் ஐஸ் என்று நினைத்திருந்தேன்.

ஊரில் வாழைப்பழத்துக்கும் தோல்தான், வெங்காயத்துக்கும் தோல்தான். ஆனால் அந்தக் கிடங்கின் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தோல் என்றால் ஒன்றே ஒன்று. அது வந்து இறங்கியதும் முதல் வேலை உப்பு. யாரும் அதை ஒரு வேலையாகச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை. மேஸ்திரி என்னிடம் சொல்லாததற்குக் காரணம் அதுதான். லாரியின் கதவைத் திறந்தேன் என்று யாராவது தனியாக வந்து சொல்வார்களா? நானும் இதே ஊரில் பிறந்தவள். பாய் போனில் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவள். எனக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பசையில் தப்பில்லை என்ற நிம்மதியும் அதில் இருந்திருக்கலாம். அக்கா என்னை முறைத்தாள். அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் நிஜமாகவே ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. "எறாவுக்கு உப்பு போட்டு வெச்சிருக்காரு பாரு, மொளகாத்தூள் போடாம விட்டாரே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்தபோது மேலே அப்பர்கள் காத்திருந்தன. தண்ணீரில் வினிகரைக் கொஞ்சமாகக் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்தால் தோலில் உப்புக் கறை போகும். பசைக்கு வாங்கிய வினிகரே மிச்சம் இருந்தது. எல்லாப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து துடைத்தார்கள். பெரும்பாலானவை தப்பித்தன. தப்பிக்காத சில ஜோடிகளைக் கம்பெனிக்காரர் தனியாக எடுத்துவைத்தார். கோபப்படவில்லை. "கோடைக்கு முன்னாடி கூரைய ஒரு முடிவு பண்ணிடுங்க மேடம்" என்றார். அக்காவுக்கு அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

பலகைகளையெல்லாம் கழற்றி இறக்கினோம். தகரம் மறுபடியும் தெரிந்தது.

"வேணாம்டி, விட்டுடு" என்றாள் அக்கா. "வெயிலுக்கு நாங்க அழுதோம், மழைக்கு இது அழுவுது. கம்பெனி பொருள் மேல இன்னொரு தரம் ஒரு சொட்டு விழுந்தா நான் அவர் மூஞ்சில முழிக்க முடியாது."

"உப்பு இல்லாம செஞ்சா சொட்டாதுக்கா."

"அதுக்கு இன்னா கேரண்டி?"

ஆபா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிராமல் கேட்டார்: "கூடம் குளுந்துச்சா இல்லையா? மொதல்ல அத சொல்லு."

"குளுந்துச்சு."

"அப்புறம் இன்னா பேஜாரு? சோத்துல உப்பு ஜாஸ்தியாப் போச்சுன்னா அடுப்பையா இடிப்பாங்க?"

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து நிபந்தனைகளோடு வந்தாள். எண் போட்டுச் சொன்னாள், என்னைக் கிண்டல் செய்ய. ஒன்று, முதலில் இரண்டே பலகை. ரெண்டு, அது கூடத்தில் தொங்கக் கூடாது, வெளித் தாழ்வாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொங்க வேண்டும். மூணு, மழைக்காலம் முடியும்வரை அது சொட்டாமல் இருந்தால் பாதிக் கூரைக்கு மட்டும். பரிசோதனை அறையில் உட்கார்ந்திருக்கும் நான் இதைவிட நல்ல ஏற்பாடு சொல்லியிருக்க மாட்டேன்.

புதுச் சரக்குக்காகப் பழவேற்காட்டுக்குப் பேசினேன். அனுப்பும் முன், மழை விட்ட நேரம் பார்த்து, கடற்கரை வெயிலில் முறுகக் காயவைத்து அனுப்பினால் கெடாது. உப்பும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். அவர் ஒத்துக்கொண்டார். அந்தப் போனில்தான் முதன்முறையாக யோசித்து, எறா ஓடு என்று சொன்னேன். பிறகு கீழே போய் பாயிடமும் மேஸ்திரியிடமும் சொன்னேன்: இனிமேல் இது தோல் இல்லை, ஓடு.

"ஓடுன்னா எங்க ஓடறது?" என்றார் மேஸ்திரி.

"கூரைல போடறோமே, ஓடு. அந்த ஓடு."

"ஆங், அப்படிச் சொல்லு." அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. கூரைக்குப் போகிற சரக்குக்கு ஓடு என்ற பேர் அவருக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஓட்டுக்கு யாரும் உப்புப் போடுவதில்லை. தோல் கட்டுகளில் குறி போடும் நீலப் பெயிண்டை எடுத்து, வந்த மூட்டைகளில் ஒவ்வொன்றிலும் பெரிதாக ஓடு என்று எழுதினார்.

அந்த மூட்டைகள் நாறின. காய்ந்த இறாலின் வாடை கிடங்கைத் தாண்டித் தெருமுனைவரை போனது. பரம்பரையாகத் தோல் வாடையில் பிறந்து வளர்ந்த தெரு மூக்கைப் பொத்தியது. மேஸ்திரி துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் எனக்குக் கேட்கும்படி, "உப்பு போட்டிருந்தா இந்த நாத்தம் வருமா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் ஊதுவத்தி ஏற்றினார். சுண்ணாம்பில் ஊறிய பிறகு வாடை போய்விட்டது. பழைய தண்ணீரை டிரம்களில் எடுத்து மூடிவைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீரும் புதிதாகப் பிடித்திருந்தோம். அதை மாற்றாமல் பழைய உப்புத் தண்ணீரிலேயே ஊறவைத்தால் எல்லாம் வீண்.

இரண்டு பலகைகளும் கார்த்திகை முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொங்கின. மழை வந்த ஒவ்வொரு காலையிலும் அக்கா என்னைக் கூப்பிடாமலே போய், அடிப்பக்கத்தைப் புறங்கையால் தடவிப் பார்ப்பாள். கொஞ்சம் சில்லென்று இருந்தது, ஆனால் சொட்டவில்லை. மார்கழிப் பனிக்கும் சொட்டவில்லை. தை முடிவதற்குள் மேற்குப் பாதிக்கு வேண்டிய பலகைகளைச் செய்தோம். மதிய வெயில் தாக்குவது அந்தப் பக்கம்தான்.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் கூடத்தில் ஒரு புதுச் சண்டை ஆரம்பித்தது. எல்லாருக்கும் மேற்குப் பக்கத்து மெஷின் வேண்டும். போன வருஷம்வரை தண்டனை மாதிரி அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இப்போது எழுந்திருக்க மறுத்தார்கள். கிழக்கில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆபா பஞ்சாயத்து செய்தார்: மதியம் வரை ஒரு பக்கம், மதியத்துக்கு மேல் இன்னொரு பக்கம், மறுநாள் மாற்றி.

"நீங்க எந்தப் பக்கம் ஆபா?"

"நான் ஜட்ஜு. ஜட்ஜுக்கு மேற்குப் பக்கம்தான்."

அக்னி நட்சத்திரத்தின் நடுவில், சரியாக வெயில் உச்சியில் இருக்கும்போது, கம்பெனிக்காரர் வந்தார். கிழக்குப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்து, தைத்த அப்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் யார் வரவில்லை என்று கேட்டார். எல்லாரும் வந்திருந்தார்கள். பேசிக்கொண்டே நடந்தார். பேச்சு முடியும்போது அவர் மேற்குப் பக்கத்தில், ஆபாவின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கைக்குட்டையைப் பாக்கெட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். தான் இடம் மாறியது அவருக்கே தெரியவில்லை. அக்கா கவனித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பு தெரியக் கூடாது என்று.

அவர் அண்ணாந்து பார்த்தார். "இது இன்னா மேடம், கார்க் ஷீட்டா?"

"ஓடு சார்" என்றாள் அக்கா.

"ஓடா? ஓடு மாதிரியே இல்லையே."

"எறா ஓடு" என்றார் ஆபா, மெஷினை நிறுத்தாமல். "இந்த வருஷம் நாங்க தம்ல வேகல, கம்பெனிக்குப் பரிமாற முடியாது சார். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவருக்குப் புரியவில்லை. கூடம் முழுக்கச் சிரித்தது.

வெப்பமானி வைத்து இரண்டு பக்கமும் அளந்து வருகிறேன். அந்த அளவுகளை இங்கே எழுதவில்லை. ஒரே ஒரு கூடம், ஒரே ஒரு கோடை. அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல என் வேலை என்னை அனுமதிக்காது. ஆனால் ஆட்கள் எந்தப் பக்கம் உட்காரச் சண்டை போடுகிறார்கள் என்பதும் ஒரு அளவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்றைய நிலைமை இது. மேற்குப் பாதியில் பலகைகள் இருக்கின்றன. கிழக்குப் பாதிக்கானவை கம்பிவலைச் சட்டங்களில் காய்ந்துகொண்டிருக்கின்றன. தீச்சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பிய துண்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை. அது வரும்வரை வேறு எந்தக் கூடத்துக்கும் செய்துகொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உப்பு ஏறிய பழைய பலகைகள் பாயின் கிடங்கில் ஒரு மூலையில் இருக்கின்றன. தண்ணீரைக் கெடுக்காமல் அவற்றை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கம்பெனி இந்த வருஷம் வேலையை எடுக்கவில்லை. அக்காவின் கூடம் நடக்கிறது.